காகித நாடாவா, வலை நாடாவா?



எழுத்து, சொல், கட்டுரைப் பயிற்சி என்று எழுதி வரும் இவன் இன்று சுவர் பூச்சைப் பற்றி எழுதுகிறானே என நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு நடக்கும் அறையின் தடுப்புச் சுவரைச் சென்ற விடுமுறையில் கூட்டுப்பணியாகச் செப்பனிட்டோம். செய்தி எப்படியோ பரவி, வேறு பள்ளிகளைச் சேர்ந்த மூன்று ஆசிரியர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி. ஜிப்சம் பலகைகள் சேரும் பொருத்தின் மேல் ஒட்டுவதற்குக் காகித நாடா நல்லதா, வலை நாடா நல்லதா? ஒரே விடையை மூன்று முறை சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடுவதே நலம் என்று தோன்றியது.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரின் நீண்ட பொருத்துகளுக்கும் உள்மூலைகளுக்கும் காகிதம். சிறு ஓட்டைகளை அடைப்பதற்கு வலை. ஆனால், இந்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் சுவர் மீண்டும் வெடிக்கும். நாடாவோடு சேர்த்துப் பூசும் சாந்து எது, அந்தச் சுவர் எந்த இடத்தில் அசைகிறது என்ற இரண்டையும் கேட்காமல் நாடாவைத் தேர்ந்தெடுக்க இயலாது.

ஜிப்சம் பலகையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இரண்டு தடித்த தாள்களுக்கு நடுவில் ஜிப்சத்தை வைத்து அழுத்திச் செய்த பலகை அது. அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டில் இத்தகைய பலகைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துப் பூசி நாள்கணக்கில் காய விடும் ஈரவேலைக்கு மாற்றாக வந்ததால் ஆங்கிலத்தில் இதற்கு 'டிரைவால்' என்று பெயர். தமிழில் 'உலர்சுவர்' எனலாம், பொருத்தமான சொல்தான். எனினும் நம் நாட்டில் கடைக்காரரிடம் உலர்சுவர் வேண்டும் என்று கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஆகவே, ஜிப்சம் பலகை என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வீட்டின் உட்சுவர்கள் பெரும்பாலும் இந்தப் பலகையால் ஆனவை. இங்கே நமக்குச் செங்கல் சுவர்தான் வழக்கம். இந்தப் பலகையைச் சீலிங்கிலும், ஓர் அறையை இரண்டாகத் தடுக்கும் இடத்திலும்தான் பார்க்கிறோம். இடம் போதாத பள்ளிகளுக்குத் தடுப்புச் சுவர் எவ்வளவு தேவையானது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். பழைய கட்டடத்தின் பெரிய வகுப்பறை ஒன்றை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் நூல்நிலையம், மறுபக்கம் குறைநீக்கல் வகுப்பு என்று அமைத்திருந்தார்கள். தடுப்பை எழுப்பிய குத்தகையாளரின் பெயர் இங்கே வேண்டாம். ஓராண்டு நிறைவதற்குள் கதவின் மேல்மூலையில் தொடங்கிச் சீலிங் வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. பிறகு மற்றப் பொருத்துகளிலும் மயிரிழை போல் கோடுகள் தெரிந்தன. நாளடைவில் கதவுக்கு மேலிருந்த நாடாவே சுவரை விட்டு எழும்பி நின்றது.

அந்த வகுப்பில் ஏழு பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறவர்கள். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதால் பிரித்தறியப் பழக்குவதற்கே அவர்களுக்குப் பல கிழமைகள் பிடிக்கும். அத்தகைய வகுப்புக்கு அமைதியும் ஒழுங்கான அறையும் வேண்டும். இவர்களுக்கு வாய்த்ததோ உதிரும் சுவர். ஒரு சிறுவன் பாடம் கடினமாகும் போதெல்லாம் விரிசலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பான். மேசையில் வெள்ளை மாவு கொட்டிக் கிடக்கும். அவனைக் கண்டித்தபோது, "ஐயா, நான் உடைக்கல. அதுவா உதிருது" என்றான். உண்மைதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினோம். ஒருவர், "வலை நாடாவை ஒட்டி, ஒரு பூச்சு பூசி, சாயம் அடித்தால் அரைநாளில் முடிந்துவிடும். குறைநீக்கல் வகுப்புத்தானே சார்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் பள்ளிக்காக உழைக்கிறவர். ஆனாலும் அந்த 'தானே' என்ற சொல் என்னைச் சுட்டது. கணினி அறையாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? அந்த ஏழு பிள்ளைகளில் ஒருவனின் தாயார் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை; தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் ஒரு தந்தை எழுந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீலிங் வேலையும் தடுப்பு வேலையும் செய்பவர். மகள் நான்காம் ஆண்டில் படிக்கிறாள். கூட்டங்களில் வாய் திறக்காதவர், "அரைநாள் வேலையாலதான் அந்தச் சுவரு இப்படி நிக்குது. மூணு நாள் குடுங்க, நான் வந்து பாக்குறேன்" என்றார். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

மறுநாள் மாலை அண்ணன் இரண்டு சுருள்களோடு வந்தார். காகித நாடா ஐம்பது மில்லிமீட்டர் அகலமுள்ள வெறும் வெள்ளைத்தாள். நடுவில் ஒரு மடிப்புக்கோடு இருக்கும். வலை நாடாவும் ஏறத்தாழ அதே அகலம். கண்ணாடி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பின்புறம் பசை தடவியிருப்பார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை.

வலை நாடாவுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. சுருளிலிருந்து இழுத்துச் சுவரில் நேரடியாக ஒட்டலாம். அடியில் சாந்து பூச வேண்டியதில்லை. காற்றுக்குமிழி எழாது, கண்ணிகளின் வழியே சாந்து உள்ளே புகுந்துவிடும். முதன்முதலாகச் செய்பவரும் தயங்காமல் செய்யலாம். அதனால்தான் கடைகளில் அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். கண்ணாடி இழை தாளைவிட உறுதியானது என்றும் சொல்வார்கள். ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் சரிதான்.

அண்ணன் வலையில் ஒரு முழம் வெட்டி என்னிடம் கொடுத்து, மூலைக்கு மூலை சாய்வாக இழுக்கச் சொன்னார். சதுரக் கண்ணிகள் சாய்சதுரங்களாகச் சரிந்து, வலை நீண்டது. பிறகு காகிதத்தைக் கொடுத்தார். விளிம்பில் கிள்ளினால் எளிதில் கிழிகிற அந்தத் தாள், நேராக இழுத்தபோது சற்றும் நீளவில்லை. "இழை கெட்டிதான் சார். ஆனா பின்னல் இளகும். அந்தக் கொஞ்ச இளக்கத்துலதான் மேல இருக்கிற பூச்சு வெடிக்குது" என்றார். நாடா அறுந்து போவதால் விரிசல் வருவதில்லை. நாடா சற்றே நீண்டாலும், அதன் மேலுள்ள பூச்சு நீள முடியாமல் பிளந்துவிடுகிறது.

உள்மூலைகளில் வேறுபாடு இன்னும் தெளிவு. காகிதத்தில் மடிப்புக்கோடு இருப்பதால் அதை மடித்தால் நேரான மூலை கிடைக்கும். வலையில் அந்த மடிப்பு இல்லை. மூலையில் தகட்டை வைத்து இழுக்கும்போது தகட்டின் முனை இழைகளை வெட்டிவிடும்.

இனிச் சாந்துக்கு வருவோம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

பொருத்தில் பூசும் சாந்து இரு வகை. ஒன்று, வாளியில் குழைத்தபடியே வருவது. மூடியைத் திறந்து பூசலாம். அதிலுள்ள நீர் ஆவியாகிப் போனால்தான் அது கெட்டியாகும்; நீர் போகப் போகச் சுருங்கவும் செய்யும். மற்றொன்று, மூட்டையில் பொடியாக வருவது. நீர் சேர்த்தால் அந்தப் பொடி நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மீண்டும் ஜிப்சமாகிறது. இது காய்வதன்று, இறுகுவது. (ஜிப்சத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு நீர்தான். தீப்பிடித்தால் இந்த நீர் ஆவியாக வெளியேறி வெப்பத்தைத் தடுப்பதாலேயே ஜிப்சம் சுவர் தீயைச் சிறிது நேரம் தாங்குகிறது. அறிவியல் ஆசிரியர்கள் பாடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.) எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பதை மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். 45 நிமிடம் என்றிருந்தால் 45 நிமிடந்தான். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பெரிய மாற்றம் இராது.

இறுகும் சாந்து வலிமையானது, அதிகம் சுருங்காது. வலை நாடாவின் இளக்கத்தைப் பிடித்து நிறுத்த முதற்பூச்சுக்கு அதுதான் வேண்டும். வாளிச் சாந்து அதற்குப் போதாது. காகிதத்துக்கோ இரண்டில் எதுவும் பொருந்தும். ஆகவே, "எந்த நாடா?" என்று கேட்பவரிடம், "உங்களிடம் இருப்பது வாளியா, மூட்டையா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாளி என்றால் காகிதத்தைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் சுவரில் நடந்ததும் இதுதான். கதவுக்கு மேல் எழும்பி நின்ற நாடாவின் முனையைப் பிடித்து அண்ணன் இழுத்தார். சீலிங் வரை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கையில் வலை, தரையில் மாவு. வலை நாடாவின் மேல் வாளிச் சாந்தை மெல்லிதாகப் பூசி, அது நன்றாகக் காய்வதற்கும் முன்னே சாயம் அடித்திருக்கிறார்கள்.

நம் நாட்டின் காற்றில் ஈரம் மிகுதி. மாலை மழை பெய்யும் நாள்களில் வாளிச் சாந்து ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று வாளியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. மேற்புறம் காய்ந்தது போல் வெளுத்திருக்கும். உட்புறம் சாம்பல் நிறத்தில் ஈரமாகவே இருக்கும். ஈரம் என்றதும் பூஞ்சணம் நினைவுக்கு வரும். காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கண்ணாடி இழையில் பிடிக்காது என்று வலை நாடாவுக்குச் சார்பாகச் சொல்வதுண்டு. சொல்வது மெய்தான். ஆனால் ஜிப்சம் பலகையின் முகமே தாள்தானே! கூரை ஒழுகும் அறையில் ஐம்பது மில்லிமீட்டர் நாடாவை மட்டும் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்றி என்ன பயன்? முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும்.

அண்ணன் அடுத்துக் காட்டியது நான் எதிர்பாராத ஒன்று. விரிசல் ஏன் கதவின் மேல்மூலையில் தொடங்கியது? கதவுச் சட்டத்தின் விளிம்புக்கு நேர்மேலே இரண்டு பலகைகள் சேர்கின்றன. ஒவ்வொரு முறை கதவை அறையும்போதும் சட்டம் அதிர்கிறது. அதிர்ச்சி முழுவதும் அந்தப் பொருத்தில் போய் விழுகிறது. ஒரு நாளில் அந்தக் கதவு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். "இங்க காகிதம் போட்டாலும் வெடிக்கும் சார். நாடா என்ன பண்ணும், பாவம்!" என்றார்.

இலக்கண ஆசிரியனுக்கு இந்த இடத்தில் புணர்ச்சி நினைவுக்கு வராமல் போகுமா? பலகையின் நீண்ட விளிம்புகளைத் தொழிற்சாலையிலேயே சற்றுத் தாழ்வாகச் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட இரு விளிம்புகள் சேர்ந்தால் நடுவில் ஆழமில்லாத பள்ளம் ஒன்று உண்டாகும். நாடாவும் சாந்தும் அதற்குள் அடங்கிச் சுவர் மட்டமாகிவிடும். ஏறத்தாழ இயல்பு புணர்ச்சி. வெட்டிய விளிம்புகளோ தாழ்வில்லாதவை. அவை சேரும் இடத்தில் நாடா மேடாக நிற்கும்; மேட்டை மறைக்க இரு பக்கமும் அகலமாகச் சாந்தை இழுத்துவிட வேண்டும். இது விகாரம். தோன்றலா, திரிதலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் நாள் கதவைச் சுற்றியிருந்த பலகைகளைக் கழற்றினோம். புதிய பலகையைத் தலைகீழான 'ட' வடிவில் வெட்டி, கதவின் பக்கத்தையும் தலைப்பாகத்தையும் ஒரே பலகை மூடும்படி அமைத்தார் அண்ணன். பொருத்து இப்போது கதவின் மூலைக்கு நேரே இல்லை. தலைப்பாகத்தின் நடுவில் விழுகிறது. அதற்குப் பின்னால் பிடிமானமாக எஃகுச் சட்டத்தில் ஒரு குட்டைத் துண்டையும் சேர்த்தார். திருகாணிகள் ஓரங்களில் 200 மில்லிமீட்டருக்கு ஒன்று, நடுப்பகுதியில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்று. திருகாணியின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமிழ வேண்டும். தாள் கிழிந்தால் பிடிப்புப் போய்விடும். பழைய சுவரில் பல திருகாணிகள் தாளைக் கிழித்து ஆழமாக இறங்கியிருந்தன.

இரண்டாம் நாள் நாடா. மூட்டைச் சாந்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தார்கள். ஒரேயடியாகக் கரைத்தால் பூசி முடிப்பதற்குள் வாளியிலேயே கல்லாகிவிடும். கரைத்த வாளியையும் தகட்டையும் ஒவ்வொரு முறையும் கழுவியாக வேண்டும். பழைய துகள் ஒட்டியிருந்தால் புதிய சாந்து இன்னும் விரைவாக இறுகும். பலகைகளுக்கிடையே உள்ள இடைவெளியை முதலில் நிரப்பி, பொருத்தின் மேல் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாமல் சாந்தைப் பரப்பினார்கள். மடிப்பின் புடைத்த பக்கம் சுவரை நோக்கியிருக்கும்படி காகித நாடாவைப் பதித்து, நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தகட்டால் அழுத்தினார்கள். மிகையான சாந்து இரு ஓரங்களிலும் பிதுங்க வேண்டும். ஆனால் முழுவதையும் வழித்துவிடக்கூடாது. அடியில் சாந்தே இல்லாவிட்டால் காகிதம் எதன் மேல் ஒட்டும்?

காகிதத்தின் குறை இதுதான். அதை மறைக்க விரும்பவில்லை. கை பழக வேண்டும். உதவிக்கு வந்த ஒரு பெற்றோர் பதித்த நாடாவில் இரண்டு இடங்களில் குமிழி எழுந்தது. அண்ணன் விரல் முட்டியால் தட்டினார், பொள்ளென்ற ஓசை. சாந்து இறுகுவதற்கு முன் அந்த நாடாவை முழுவதும் உரித்தெடுத்து மீண்டும் பதிக்கச் சொன்னார். அந்தப் பெற்றோருக்கு முகம் வாடியது. "அங்க மட்டும் வெட்டி ஒட்டிரலாமே" என்றார். "புதுசா இருக்கும்போதே எடுத்துட்டா பத்து நிமிசம். காஞ்சப்புறம்னா ஒரு நாளு" என்றார் அண்ணன். மறுமுறை அவரே பதித்தார். குமிழி இல்லை. அதன் பிறகு மூன்று பொருத்துகளை அவர் தனியாகவே முடித்தார். கூட்டத்தில் தலை குனிந்திருந்தாரே ஒரு தாயார், அவருடைய கணவர்தான் அவர்.

பிற்பகல் மழை வந்தது. சாந்து கவலைப்படவில்லை. மாலைக்குள் இரண்டாம் பூச்சும், முதற்பூச்சைவிட அகலமாக, பூசியாகிவிட்டது. மூன்றாம் நாள் மேற்பூச்சுக்கு மட்டும் வாளிச் சாந்து. அது மென்மையானது, தேய்ப்பதற்கு எளிது. பொருத்தின் இரு பக்கமும் சேர்த்து முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிதாக இழுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். தேய்ப்பதும் சாயமும் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போயின. அரைநாளில் முடியும் என்ற நண்பர் அன்றைக்கும் வந்து சாயம் அடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தேய்ப்பதைப் பற்றி ஒரு வேண்டுகோள். பள்ளி நடக்கும் நாளில் உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் மிக நுண்ணியது. காற்றில் நெடுநேரம் மிதக்கும். மூச்சிரைப்புள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. ஈரப் பஞ்சினால் துடைத்துத் துடைத்து மட்டமாக்கலாம். சற்று மெதுவான வேலை, அவ்வளவுதான். மிகப் பழைய பூச்சு என்றால் தேய்க்கவே வேண்டாம். முற்காலத்துப் பொருத்துச் சாந்துகளில் கல்நார் கலந்திருந்தது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டில்தான் அத்தகைய சாந்துகளைத் தடை செய்தார்கள். ஐயமிருந்தால் தேர்ந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

தடுப்புச் சுவர் செங்கல் சுவரைத் தொடும் இடத்தில் எந்த நாடாவும் வேண்டாம் என்பதையும் அண்ணன் வற்புறுத்தினார். இரண்டும் வெவ்வேறு பொருள்கள். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு விதமாக அசைபவை. அவற்றை விறைப்பாக இணைத்தால் விரிசல் உறுதி. அங்கே இழுபடும் தன்மையுள்ள அக்ரிலிக் பசையை ஒரு கோடாக இட்டு, மேலே சாயம் பூசினார். அந்த இடுக்கை அடைத்த பிறகு நூல்நிலையத்துப் பேச்சொலி முன்போல் கேட்பதில்லை.

அப்படியானால் வலை நாடா எதற்கும் உதவாதா? உதவும். கதவுக் குமிழ் இடித்துப் பலகையில் ஒரு முட்டையளவு ஓட்டை விழுந்திருந்தது. அதன் மேல் வலையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மூட்டைச் சாந்தைப் பூசி, அரை மணி நேரத்தில் நானே அடைத்தேன். காகிதத்தால் அதைச் செய்வது வீண் தொல்லை. வீட்டுச் சீலிங்கில் விளக்கை இடம் மாற்றியதால் உண்டான ஓட்டை, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அடைக்க வேண்டிய துளை, இவற்றுக்கெல்லாம் பெற்றோர்கள் வலை நாடாவையே வாங்கலாம். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்; பொருத்தைப் போல் அசையாது.

கதவுக்கு ரப்பர் முட்டு ஒன்று வைத்தோம். சுவருக்கு என்ன நிறம் என்று அந்த ஏழு பிள்ளைகளையே கேட்டோம். ஆளுக்கொரு நிறம் சொல்லிச் சண்டையிட்டு, கடைசியில் இளம்பச்சை என்று முடிவாயிற்று. 'இளம்பச்சை' என்பதில் எந்த ளகரம், எந்த லகரம் என்று கேட்டேன். ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். விரிசலைச் சுரண்டுகிற பையன் இப்போது மேசையைச் சுரண்டுகிறான். அதற்கு நாடா இல்லை.

வலை நாடாவில் முக்கால் சுருள் மிச்சம் இருக்கிறது. நூல்நிலைய அலமாரியில் வைத்திருக்கிறேன். அருகிலுள்ள பள்ளிகளில் ஓட்டை அடைக்க வேண்டியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம். சாந்தை மட்டும் மூட்டையில் வருவதாகப் பார்த்து நீங்களே வாங்கி வாருங்கள்.